சுவரில் எழுதும் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கிலும் பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனுக்கு வழி கூறுகிறான். இதனை ஆண்டுதோறும் கற்பிக்கும் நமக்கு, ஒரு கட்டடத்தின் உட்சுவரில் அம்புக்குறியிட்டு அறையின் பெயரை எழுதுவதும் ஆற்றுப்படைத் தொழிலே என்பது நெடுநாள் தோன்றவில்லை. ராயகிரியிலிருந்து வந்த ஒருவரே அதனைத் தோன்றச் செய்தார்.

அவர் நம் மாணவர் ஒருவரின் தந்தையார். நாளிதழை எழுத்து விடாமல் வாசிப்பவர். மகனுக்குச் சான்றிதழ் ஒன்று பெறும்பொருட்டு, பல அலுவலகங்கள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் ஒரு கட்டடத்திற்குச் சென்றார். கையிலிருந்த சீட்டில் 'முதல் தளம்' என்றிருந்தது. முதலாவது என்பது அடியில் இருப்பதுதானே? கீழ்ப்பகுதி முழுவதும் தேடினார். ஒருவர் மாடியைக் காட்ட, ஏறினார். படி முடியுமிடத்தில் நடைவழி இரண்டாகப் பிரிந்தது. அங்கே பலகை ஏதுமில்லை. வாயிலில் மட்டும் எல்லா அலுவலகங்களின் பெயரையும் தாங்கிய பெரும்பலகை ஒன்று; அதில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் அதன் காலடியில் எறும்பூர்வது போலவும் இருந்தன. உரிய அறையை அவர் அடைந்தபோது அன்றைய மனு வாங்கும் நேரம் முடிந்திருந்தது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போயின. மறுநாள் நம்மிடம் அவர் கூறியது: "படிச்சவங்க கட்டுன கட்டடம் சார், நமக்கு என்னத்தத் தெரியும்?"

இச்சொல்தான் நம்மை உறுத்துகிறது. பிழை கட்டடத்தினுடையது, பழியை ஏற்றவரோ அவர். வழிகாட்டிப் பலகையை அழகுப் பொருளாகக் கருதி, வண்ணம் பூசும் வேளையில் கடைசியாக நினைவுகூர்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று பலர் பகிர்ந்து பணிபுரியும் இடங்கள் பெருகி வருகின்றன. சென்னைக் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 'முதல்வர் படைப்பக'த்தில் பகிர்ந்த பணியிடமும் மாணவர் படிக்கும் இடமும் உணவுக்கூடமும் ஒரே கட்டடத்தில் அமைந்துள்ளன. பெயரும் நல்ல தமிழ்ப் பெயர். ஒரே நிறுவனத்தார் நாள்தோறும் வந்துபோகும் அலுவலகத்தில் பலகை இல்லாவிடினும் கால் பழகிவிடும். பகிர்ந்த பணியிடத்திலோ நேற்று வந்தவர் இன்று வருவதில்லை. அவரைக் காண வரும் விருந்தினர்க்கு எல்லாமே புதிது. ஆகவே அங்கே பலகை பேசியாக வேண்டும்.

எங்கே பேசுவது? மலைபடுகடாம் பாடிய புலவர் இதனை நன்கறிவார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு ஒளியும் குழி எங்கே, தினைக்காவலர் கவண்கல் எங்கே பாயும், வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றிக்கொள்வது என, நடப்பவனின் கால் தயங்கும் இடந்தோறும் நின்று கூறுகிறார். சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி கூறுமிடத்தும், பாதை மூன்றாகப் பிரியும் இடமே முதன்மை பெறுகிறது. நம் கட்டடங்களில் நேராகச் செல்லும் நடைவழியில் நான்கு பலகைகள். பிரியும் முனையில் ஒன்றுமில்லை! வரைபடம் தீட்டியவர்க்கு வழி தெரியும். ஆகையால் அவர்க்குத் தயக்கம் தோன்றும் இடம் தெரியாது. பரிசில் பெற்றவனே வழி சொல்லத் தக்கவன் என்பதுபோல, ஒருமுறை வழி தவறியவரே பலகைக்குச் சொல் தர வேண்டும் என்பது நமது துணிபு. கட்டடத்தைத் திறக்குமுன் புதியவர் பத்துப்பேரை உள்ளே நடக்கவிட்டு, அவர்கள் நின்ற இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டால் போதும். பாதி வேலை முடிந்துவிடும்.

சொல்லிலும் கருத்து வேண்டும். 'தரைத்தளம்', 'முதல் தளம்' என்று எழுதுமிடத்து 'படியேறி முதல் மாடி' என்று எழுதினால் ராயகிரித் தந்தை கீழே அலைந்திருக்கமாட்டார். கூட்ட அறைகளுக்கு ஆற்றின் பெயரும் மலரின் பெயரும் சூட்டுவது இப்போதைய வழக்கம், சூட்டட்டும். எனினும் 'பொருநை' எந்த மாடியில் பாய்கிறது என்பதற்கு எண் ஒன்றும் உடன் வேண்டாவா? தமிழெழுத்துக்கு மேலே விலங்கும் கீழே சுழியும் உண்டு. ஆங்கிலப் பேரெழுத்துக்கு அளந்த பட்டையில் அதனைத் திணித்தால், விலங்கும் சுழியும் இடம் பெற வேண்டி எழுத்தே குறுகிவிடும். தமிழை முதலில் எழுதி, அதற்கேற்பப் பலகையை அறுக்க வேண்டும். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் கண்ட மாநிலத்தில் இதனைக் கேட்பது மிகையன்று.

எழுத்தறியாதார்க்கு என் செய்வது எனின், 1969இல் தொடங்கிய மெக்சிகோ நகர நிலத்தடி ரயிலில் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு படம் அடையாளமாகத் தரப்பட்டது. பார்வையற்றார்க்குப் புடைப்பெழுத்து, கைக்கெட்டும் உயரத்தில் வேண்டும். பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் எளிதில் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை.

காவலாளியைக் கேட்டால் போயிற்று என்பாரும் உளர். கேட்பதற்கு ஒரு துணிவு தேவை. முதன்முறை வேலை தேடி வரும் பெண்ணும், வேட்டி கட்டிய முதியவரும் கண்ணாடிக் கதவின்முன் அத்துணிவை இழந்து திரும்புதலை நாம் கண்டுள்ளோம். கைப்பேசியின் வரைபடமோ பெரும்பாலும் வாயிலோடு விடைபெற்றுக்கொள்ளும்.

பிறரைக் கூறும் நாம் நம் துறைக்கு வரும் வழியையும் நோக்கினோம். மாடிப்படித் திருப்பத்தில் அம்புக்குறி ஏதுமில்லை. இவ்வாண்டு வந்த சொற்பொழிவாளர் வேதியியல் ஆய்வகத்தில் அமர்ந்திருந்தார். இம்மலர் வெளிவருமுன் பலகை எழுதித் தருவதாக இரண்டாமாண்டு மாணவர் ஏற்றுள்ளனர். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.