பாட்டும் பாடமும்

மார்கழி பிறந்தால் ஸ்ரீரங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு தர்மசங்கடம். வெளியே ஒலிபெருக்கியில் திருப்பாவை. உள்ளே அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. கோயில் பாட்டை நிறுத்த முடியாது, வேண்டியதுமில்லை. ஆனால் பையன் தானாகவே காதில் செருகிக்கொண்டிருக்கிறானே, அந்தப் பாட்டு? "அது இருந்தால்தான் அம்மா, படிப்பு ஏறுகிறது" என்கிறான். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கி, வீட்டுக்கு வீடு ரேடியோ வந்த நாளிலிருந்து நடக்கும் வழக்குதான் இது. இன்று கைப்பேசி, அவ்வளவே வித்தியாசம்.

ஸலாமே, பேட்லி என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் 1989-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எண்களை வரிசை தவறாமல் நினைவில் வைக்க வேண்டும், பின்னணியில் சங்கீதம். வாத்தியம் சற்று இடைஞ்சல் செய்தது. பாடும் குரலோ அதைவிட அதிகம். மனப்பாடம் செய்கிறவன் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான் அல்லவா? பாட்டின் சொற்களும் அங்கேதான் வந்து நுழைகின்றன. இரண்டு மாமிகள் ஒரே சமயத்தில் வம்பு பேசினால் எதைக் கேட்பது!

'மோஸார்ட் கேட்டால் மூளை வளரும்' என்பார்கள். 1993-ல் நடந்த அந்தச் சோதனையில் இருந்தவர்கள் குழந்தைகளே அல்ல, கல்லூரி மாணவர்கள். 10 நிமிஷம் கேட்டார்கள், அதுவும் பரீட்சைக்கு முன்னால். பலன் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

ஆகவே சரித்திரத்துக்கும் செய்யுளுக்கும் பாட்டு வேண்டாம். படம் வரையும்போது மெல்ல வீணை ஒலித்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அது சரி, கூடத்தில் நீங்கள் பார்க்கும் டி.வி. தொடரின் வசனமும் சொற்கள்தானே? அதற்குப் பையனைக் கோபித்துக்கொள்ள முடியுமா?