எஃப்.ஐ.ஆரை எழுதியது யார்?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் புளியறைக்குச் சோதனைச் சாவடி புதிதல்ல. வண்டியை நிறுத்துவார்கள், பையைத் திறப்பார்கள், போகச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே சோதனை என்றால் எனக்கு மறுப்பில்லை.

என் அக்கா மகள் நர்சிங் படிக்கிறாள். மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்கிறது கல்லூரி. "மாமா, கொடைத் தகராறு கேஸ்ல எம்பேரும் இருக்குல்லா?" என்று அழுதாள். அன்று அடி வாங்கியவர்கள் நாங்கள். புகார் கொடுத்த மறுநாளே எங்கள் மீது எதிர்ப்புகார். விடுதியில் இருந்த அவள் பெயரும் அதில் ஏறியது.

நோயாளி மயக்கத்தில் கிடக்கிறார், மார்பின் ஊசி நர்ஸின் கையில் இருக்கிறது. அந்தக் கையை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் நர்சிங் மாணவர்களின் குற்றப் பின்னணியையும் போதைப் பழக்கத்தையும் சோதித்த பிறகே வார்டுக்குள் விடுகின்றன. இங்கும் அது வேண்டும் என்போரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதைச் சோதிப்பீர்கள்?

எஃப்.ஐ.ஆர் வெறும் குற்றச்சாட்டு. ஆனால் தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில், 'சந்தேகத்தின் பலன்' பெற்று விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுகிறார். நீதிமன்றம் விட்டாலும் வழக்கு விடுவதில்லை. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெருந்தன்மை சேரிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? பிறப்பையே குற்றமாக்கிய 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-க்குள் நாடெங்கும் ஒழிந்தது. தெருப் பெயரைக் கேட்டதும் முகம் மாறும் வழக்கம் ஒழியவில்லை.

போதைப் பரிசோதனையா? செய்யுங்கள். மாணவிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் சேர்த்துச் செய்யுங்கள். முதல் முடிவை உறுதிப்படுத்த இரண்டாவது பரிசோதனை வேண்டும். பழக்கம் இருந்தால் சிகிச்சை கொடுங்கள். தானே சிகிச்சைக்கு முன்வருபவரைச் சில நிபந்தனைகளோடு வழக்கிலிருந்து காக்க, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது. நோயாளியைக் காப்பது ஒருநாள் சிறுநீர்ப் பரிசோதனை அல்ல; ஒவ்வொரு ஆம்பியூலுக்கும் கணக்கு வைக்கும் பதிவேடு.

தோழர்களே, நம் கோரிக்கை எளியது. நோயாளிக்கு ஆபத்தான குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் மட்டும் பாருங்கள். எதிர்ப்புகாரைக் காட்டிக் கதவை மூடாதீர்கள். முடிவுக்கு முன் மாணவியின் பதிலைக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக வெள்ளைச் சீருடை போட்டவள் அவள். அவள் வாசலிலேயே நிற்கிறாள்.