யந்திரப் பந்தயத்தில் சாரதி யார்?

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கலாசாலை மாணாக்கருக்கு மைதானமும் பந்தும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் அமெரிக்க ஐக்கிய நாட்டு உயர்தரப் பாடசாலைகளில் வேறொரு வகைப் பந்தயம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. மாணாக்கர் தாமே கூடி ஒரு ரோபாட் யந்திரத்தைக் கட்டுகின்றனர்; கட்டியதைக் களத்தில் இறக்கிப் பிற பாடசாலைகளின் யந்திரங்களோடு ஆடுகின்றனர். டீன் கேமன் என்பார் 1989 ஆம் ஆண்டில் நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் சங்கம் இதனை நடத்துகின்றது. 1992 ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயர் மாகாணத்துப் பாடசாலை ஒன்றன் தேகப்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு தொடங்கிய இம்முயற்சியில் இன்று பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான அணிகள் கலந்துகொள்கின்றன.

இப்பந்தயத்தைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் யந்திரத்தின் அழகையே பேசுகின்றனர். அதன் கை எவ்வளவு நீளும், சக்கரம் எவ்வளவு விரையும் என்பனவே அவர்தம் பேச்சு. அங்கே சில ஆண்டுகள் அத்தகைய அணி ஒன்றனுக்குத் துணைநின்ற இக்கலாசாலையின் பழைய மாணாக்கன் என்னும் உரிமையால், யான் யந்திரத்தை விடுத்து அதனை நடத்தும் ஐவரைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். அணிகள் தோற்பது இரும்பினால் அன்று, பெரும்பாலும் இவ்வைவரைத் தெரிந்தெடுக்கும் முறையினாலேயே என்பது என் துணிபு.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுதல் நலம். சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என இரு கட்சிகள். ஒவ்வொன்றிலும் மூன்று அணிகள். ஆட்டத்தின் பொருள் ஆண்டுதோறும் மாறும். ஜனவரி மாதத் தொடக்கத்தில் புதிய விதிகள் வெளிவரும். 2025 ஆம் ஆண்டின் ஆட்டம் 2 நிமிஷமும் 30 விநாடியுமே கொண்டது. அதில் முதல் 15 விநாடியும் யந்திரம் தானே ஓடவேண்டும். பொறியை ஒருவரும் தொடலாகாது. எஞ்சிய நேரத்தில், கண்ணாடி போன்ற தடுப்புச் சுவருக்குப் பின் நின்று மாணாக்கர் அதனை நடத்துவர். ஒருவன் சக்கரங்களை ஓட்டுவான், மற்றொருவன் கையையும் ஏனைய உறுப்புகளையும் இயக்குவான், மூன்றாமவன் ஓரத்தில் நின்று பொருள்களை எடுத்துக் கொடுப்பான் அல்லது எறிவான், நான்காமவன் பழுது பார்ப்பவன், ஐந்தாமவர் வழிகாட்டி. வழிகாட்டி வாயால் சொல்லலாமே அன்றிப் பொறிமேல் கை வைக்கக் கூடாது. அவர் மாணாக்கராகவும் இருக்கலாம், வயது வந்தவராகவும் இருக்கலாம் என்று விதி இடந்தருகின்றது.

இனி யான் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவேன். எங்கள் அணியில் ஓர் இளைஞன் குளிர்காலம் முழுவதும் பட்டறையிலேயே கிடந்து யந்திரத்தின் கையைத் தனியனாகச் செய்து முடித்தான். அதன் ஆணி ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். ஓட்டும் பதவி அவனுக்கே உரியது என்று எல்லோரும் கருதினர், யானும் கருதினேன். அதே அணியில் கணக்கு எழுதிவந்த கீழ்வகுப்புப் பெண் ஒருத்தி ஒத்திகையில் அவனினும் நன்றாக ஓட்டினாள் என்பதை யான் கண்டும் காணாதவன் போல் இருந்துவிட்டேன். களத்தில் நிகழ்ந்தது யாது? எதிர்க்கட்சி யந்திரம் வந்து இடிக்கும்போதெல்லாம் அவன் தன் குழந்தைக்கு அடிபட்டாற்போல் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். எங்கேனும் ஒரு கிறீச்சொலி கேட்டால் ஆட்டத்தை மறந்து அவ்வொலியைச் செவிமடுத்து நிற்பான். இரண்டரை நிமிஷத்தில் பத்து விநாடி நின்றுவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்? அப்பிள்ளையின்மேல் குற்றம் இல்லை. உழைப்புக்குக் கூலியாக ஓட்டும் பதவியைக் கொடுத்த என்மேலேயே குற்றம். அடுத்த ஆண்டில் அவன் பழுது பார்ப்பவனாக நின்றான். அவ்விடத்தில் அவனுக்கு நிகர் ஒருவரும் இலர்.

ஆகவே சாரதியைப் பரீட்சித்தே எடுத்தல் வேண்டும். கட்டியவன், மூத்தவன், தலைவன், நன்கொடையாளர் மகன் என்னும் காரணங்கள் ஒன்றும் உதவா. விரும்பும் யாவரையும் அழைத்து, ஒரே பாதையில், ஒரே வேலையை, கடிகாரத்தை வைத்துச் செய்யச் சொல்லுக. நேரத்தை எல்லோரும் காணச் சுவரில் எழுதுக. பின்னர் அதே வேலையைப் பக்கத்தில் ஒருவர் ஓயாது பேசிக்கொண்டும் மற்றொரு யந்திரம் குறுக்கே வந்துகொண்டும் இருக்கும்போது செய்யச் சொல்லுக. முதற் பரீட்சையில் முந்தியவர் இரண்டாவதில் பிந்துவதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். விதிநூலிலும் ஒரு பரீட்சை வைத்தல் தகும்; விதியறியாத சாரதியின் ஒரு தவறு எதிர்க்கட்சிக்கு எண்களை வாரி வழங்கிவிடும். இங்ஙனம் செய்தால் தெரிந்தெடுக்கப்படாதவர்க்கு மனத்தாங்கல் உண்டாகாதோ எனின், உண்டாகும். ஆயின் சுவரில் எழுதிய கணக்கைக் கண்டு உண்டாகும் வருத்தம் சில நாட்களில் தீரும். பாரபட்சத்தால் உண்டாவது தீராது.

அடுத்தது பேச்சு. ஐவரும் ஒருங்கே பேசும் குழு ஊமைக் குழுவினும் கேடானது. 2024 ஆம் ஆண்டின் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வளையங்களை உயரத்திலுள்ள வாயில் ஒன்றில் எறிவது அவ்வாட்டத்தின் முக்கிய வேலை. ஒரு வளையத்துக்கு 2 எண். ஓரத்திலுள்ள சிறு பிளவில் இரண்டு வளையங்களை இட்டபின், அங்கே நிற்கும் மாணாக்கர் ஒரு பொத்தானை அழுத்தலாம். அழுத்தியது முதல் 10 விநாடி வரையில், நான்கு வளையங்களுக்கு மேற்படாமல், உயர வாயிலில் விழும் ஒவ்வொன்றுக்கும் 2 எண்ணுக்குப் பதிலாக 5 எண் கிடைக்கும். எப்பொழுது அழுத்துவது? கட்சியிலுள்ள யந்திரங்கள் கையில் வளையத்தோடு வாயிலுக்கு எதிரே நிற்கும்பொழுதே அழுத்தவேண்டும். மூன்றும் வெறுங்கையாய் நெடுந்தூரத்தில் திரியும்போது அழுத்தினால் அப்பத்து விநாடியும் வீணே கழியும். பொத்தானருகே நிற்பவருக்கு இது தெரியாது. ஓட்டுபவர் கண்ணோ தம் யந்திரத்தின்மேல். மூன்று யந்திரங்களையும் ஒருங்கே நோக்கும் கண் வழிகாட்டி ஒருவருக்கே உண்டு. ஆதலின் அவர் ஒருவர் சொல்லே சொல்லாக வேண்டும். அதுவும் நீண்ட வாக்கியமாக இராது, முன்னரே பேசிவைத்த இரண்டொரு சொல்லாக இருத்தல் வேண்டும். “இடப்பக்கமாகச் சென்று அவ்வெதிரியைத் தவிர்த்து வந்தால் நன்றாக இருக்கும்” என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரி வந்து மோதிவிடுவான். ஓட்டுபவரும் கேட்டதற்கு அடையாளமாக ஒரு சொல் திருப்பிச் சொல்லவேண்டும்.

அவ்வொரு குரல் யாருடையது? இங்கேதான் எனக்கும் என் அமெரிக்க நண்பர் பலருக்கும் அபிப்பிராய பேதம். அநுபவமுள்ள பெரியவர் ஒருவர் நின்றால் அமைதி நிலவும், பல ஆண்டுகளின் அறிவு பயன்படும், வேற்றணியாரோடு பேசுவதும் எளிது என்பர். இவை பொய்யல்ல. வெற்றியே குறி எனின் அவர் கூற்றை மறுத்தல் அரிது. ஆயினும் பட்டறையில் எத்தனையோ பேர் கற்றுக்கொடுத்த பின்னர், தீர்மானம் செய்யவேண்டிய அவ்விரண்டரை நிமிஷத்திலும் பெரியவரே தீர்மானித்தால், மாணாக்கர் பெற்றது விரற்பயிற்சி ஒன்றேயன்றோ? தவறாகத் தீர்மானித்துத் தோற்று, வெளியே வந்து, தன் தோழரிடம் “என் பிழை” என்று சொல்லும் பதினேழு வயதுப் பிள்ளை பெறும் பயிற்சியை எந்த வகுப்பறையிலும் தர இயலாது. ஆகவே வழிகாட்டி மாணாக்கராகவே இருத்தல் வேண்டும் என்பேன். பெரியவர் ஒத்திகைக் காலத்தில் வேண்டுமட்டும் பேசுக; களத்துக்குள் அவர் வாய் திறவாமை நன்று. கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது எளிதெனக் கருதுவோர் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

வழிகாட்டும் மாணாக்கருக்கு வேண்டியது உரத்த குரலன்று, கணக்கு. 2025 ஆம் ஆண்டில் குழாய்களை ஒரு மரம் போன்ற அமைப்பின் கிளைகளில் மாட்டவேண்டும். உச்சிக் கிளைக்கு 5 எண். ஆட்ட முடிவில் யந்திரம் ஒரு தொங்கு கூண்டைப் பற்றித் தரையை விட்டு எழவேண்டும். தாழ்ந்த கூண்டுக்கு 12 எண். பத்து விநாடிக்கு ஒரு குழாய் மாட்டும் யந்திரம் கடைசி 20 விநாடியையும் குழாய்க்கே செலவிட்டால் 10 எண் பெறும். கூண்டுக்குச் சென்றால் 12 பெறும். ஏறுவதற்கு எட்டே விநாடி போதுமெனின் ஒரு குழாயையும் மாட்டிவிட்டுச் சென்று 17 பெறலாம். ஏறுவதற்குப் பதினைந்து விநாடி வேண்டுமெனின் அக்கடைசிக் குழாயை ஆசைப்படலாகாது. தம் யந்திரம் எத்தனை விநாடியில் ஏறும் என்பதை ஒத்திகையில் அளந்து அறியாதவர் எங்ஙனம் சொல்வர்?

அவ்வாட்டத்திலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. பெரிய பந்துகளை ஒரு தாழ்ந்த துளையில் இட்டால் 6 எண். மேலுள்ள வலையில் யந்திரத்தால் எறிந்தால் 4 எண். ஆறு பெரிதென்று பலர் துளைக்கே ஓடினர். ஆனால் துளையில் இட்ட பந்து எதிர்க்கட்சியில் நிற்கும் மாணாக்கர் கைக்குச் செல்லும். அவர் அதனைத் தம் வலையில் எறிந்து 4 எண் பெறலாம். அவர் குறி தவறாதவராயின் நமக்கு மிச்சம் இரண்டே. அப்படியானால் வலையில் எறிந்து பெறும் நான்கே மேல். அவர் குறி தவறுபவராயின் துளையே மேல். ஆக, எதிர்க்கட்சியில் நிற்கும் ஒரு பிள்ளையின் தோள் எப்படிப்பட்டது என்பதை முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாததாகின்றது.

அதனை அறிவிப்பவர் யார்? மேல்வரிசையில் அமர்ந்து, ஆளுக்கொரு யந்திரமாக ஆறு பேர் ஆறு யந்திரங்களையும் நோக்கி, ஆட்டந்தோறும் குறித்துக்கொள்ளும் மாணாக்கர். இவர் பெயரை ஒலிபெருக்கியில் ஒருவரும் கூவுவதில்லை. பல அணிகளில் இவர் எழுதிய ஏடு திறக்கப்படாமலே கிடப்பதையும் கண்டிருக்கின்றேன். இஃது ஒருவகை அவமதிப்பு. முதற் சுற்றுகளில் நம்மோடு சேரும் அணிகளை அட்டவணையே தீர்மானிக்கின்றது. இன்றைய தோழர் நாளைய எதிரி. இறுதிச் சுற்றுக்கோ முன்னணியிலுள்ள எட்டு அணிகள் தலைமை ஏற்றுத் தம் தோழரைத் தாமே தெரிந்தெடுக்கும். முதல்வரிலிருந்து எட்டாமவர் வரை ஒரு முறையும், எட்டாமவரிலிருந்து முதல்வர் வரை மறுமுறையும் தெரிவு செல்லும். எனவே முதல்வருக்கு இரண்டாம் தோழர் வாய்ப்பது எல்லோரும் எடுத்து முடிந்த பின்னரே. அவ்வேளையில், எண் குறைவாயினும் தடுத்தாடுவதில் வல்ல ஓர் எளிய யந்திரத்தை அறிந்து அழைப்பதற்கு மேல்வரிசையார் ஏடு ஒன்றே துணை.

தனி வல்லமை போதாது என்பதற்கு 2014 ஆம் ஆண்டின் ஆட்டத்தினும் சிறந்த சான்று இல்லை. அதில் பெரிய பந்தை உயர வாயிலில் இட்டால் 10 எண். ஆனால் கட்சியின் மூன்று யந்திரங்களும் களத்தின் மூன்று பகுதிகளில் அப்பந்தைப் பற்றியிருந்தால் மேலும் 30 எண். எத்துணை வல்ல யந்திரமாயினும் மெலிந்த தோழனையும் பந்தைத் தொடச் செய்தாலன்றி அம்முப்பதையும் பெறுதல் இயலாது. ஆட்டத்துக்கு முன் மூன்று அணியாரும் கூடிப் பேசும் சில நிமிஷங்களில், “நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள்” என்று மெலிந்தவரைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அவ்வாண்டில் செல்லவில்லை. “உங்கள் யந்திரம் எதனைத் தவறாது செய்யும்?” என்று கேட்கவேண்டியதாயிற்று. அக்கேள்வியை மற்ற ஆண்டுகளிலும் கேட்டல் தகும்.

கனடா நாட்டில் செயின்ட் கேதரின்ஸ் நகரில் 1114 என்னும் எண்ணுடைய புகழ்பெற்ற அணியொன்று உண்டு. அதற்கு நெடுங்காலம் துணைநின்ற கார்த்திக் கனகசபாபதி என்பார் ஆட்ட வியூகத்தைக் குறித்து ஆற்றிய சொற்பொழிவுகளை அப்பந்தய உலகத்தார் பெரிதும் போற்றுகின்றனர். (பெயரைக் கேட்டு நம்மவர் செவி நிமிர்வதில் வியப்பில்லை.) அணி தன் சக்திக்கு உட்பட்டதையே கட்டவேண்டும் என்பதும், பல வேலைகளை அரைகுறையாகச் செய்வதினும் சிலவற்றைச் செம்மையாகச் செய்வதே மேல் என்பதும் அவர் வற்புறுத்துவன. வியூகம் ஆட்டத்தன்று பிறப்பதன்று, விதிகள் வெளிவந்த நாளில் இரும்பை அறுக்குமுன்னரே பிறக்கவேண்டுவது என்பது அவற்றின் உட்கிடை. யான் இதனோடு ஒன்று சேர்ப்பேன்: ஓட்டப்போகும் ஐவரும் அவ்வாலோசனையில் இருத்தல் வேண்டும்.

ஒத்திகைக்குக் காலமில்லை என்னும் பழைய சாக்கு இப்பொழுது செல்லாது. 2019 ஆம் ஆண்டு வரையில், பிப்ரவரி மாதத்தில் குறித்த நாளன்று யந்திரத்தைப் பையிலிட்டு முத்திரை வைத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது. பணமுள்ள அணிகள் இரண்டாவதாக ஒன்று கட்டி ஒத்திகை பார்த்தன. ஏழை அணிகளின் சாரதிகள் களத்திலேதான் ஓட்டக் கற்றனர். 2020 ஆம் ஆண்டு முதல் அவ்விதி நீங்கிற்று. ஆயினும் பல பட்டறைகளில் கடைசி நாள் வரை யந்திரம் மேசைமேலேயே இருக்கின்றது. ஒருவர் இன்னும் ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டும் என்கின்றார், சாரதிகள் சுவரோரம் காத்து நிற்கின்றனர். பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னர் யந்திரத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிடச் செய்தால் வழக்குக்கு இடமிராது.

எங்கள் அணியில் இப்பொழுது இன்னொரு வழக்கமும் ஏற்பட்டிருக்கின்றது. இரண்டு சாரதிகளுள் ஒருவர் கீழ்வகுப்பினராகவே இருக்கவேண்டும். மூத்தவர் பாடசாலையை விட்டுச் செல்லும்பொழுது ஓட்டும் பிடி அவர் கைக்கு மாறும். முன்னர்ச் சொன்ன கணக்கெழுதிய பெண்தான் இதனை முதலில் கேட்டு வாங்கியவள். தான் மேல்வகுப்புக்கு வந்த ஆண்டில் தன் பக்கத்தில் நிற்க ஒரு சிறுவனை அவளே பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்தாள். சுவரில் எழுதிய அக்கணக்கு இன்னும் அழிக்கப்படாமல் பட்டறையில் இருக்கின்றது.