கேட்டு உண்போம்



விடுமுறை வந்துவிட்டால் போதும். கடற்கரைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கி விடுகின்றனர். சென்னையிலும் செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்கு மாமல்லபுரமும் கோவளமும் காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பத் தக்க இடங்கள். அங்கே எதைப் பார்ப்பது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கின்றனர். எங்கே உண்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. நாமும் பசி வந்த பிறகே அதைப் பற்றி எண்ணுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டார் ஆறு பேர் மாமல்லபுரம் சென்றிருந்தோம். நண்பகல் தாண்டியது. கடலோரத்தில் இருந்த ஓர் உணவகத்தில் நுழைந்து, மீன் வறுவலும் கோழிக் குழம்பும் சோறும் கொண்டு வரச் சொன்னோம். விலை என்னவென்று கேட்கவில்லை. கோழியை அறுத்தவர் யார் என்றும் கேட்கவில்லை. உணவு வந்த வேளையில் அடுத்த மேசைக்கு மதுப்புட்டிகளும் வந்தன. என் மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வெளியே போய், மர நிழலில் நின்று கொண்டார். அன்று பகல் முழுவதும் அவர் உண்டவை இரண்டு வாழைப்பழங்கள் மட்டுமே. நாங்களும் மனமின்றிப் பாதி உண்டு, எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்கு பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினோம்.

வீடு திரும்பியதும், "உள்ளே நுழையும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் மாமி. "இதையெல்லாம் எப்படியம்மா கேட்பது? வெட்கமாக இருக்காதா?" என்றார் என் கணவர். மாமி அமைதியாகச் சொன்னார்: "உன் வெட்கத்துக்காக வீட்டில் எல்லோரும் அரைப் பட்டினி கிடந்தோம், தம்பி."

அந்தச் சொல்லே இம்மாதம் இப்பகுதியை எழுதத் தூண்டியது. வெளியூரில் உண்ணப் போகும் முஸ்லிம் குடும்பத்துக்கு நல்ல கடையின் பெயரைக் காட்டிலும் நல்ல கேள்விகளே உதவும். கடைகள் கைமாறும், சமையற்காரர் மாறுவார். கேட்கும் பழக்கம் நம்மோடு இருக்கும்.

நான்கு கேள்விகள்

முதலாவது, "இறைச்சி எங்கிருந்து வருகிறது?" முஸ்லிம் பெயர்ப் பலகை உள்ள கடையிலும் இதைக் கேட்கலாம், மற்றவர் கடையிலும் கேட்கலாம். தமிழகத்தில் முஸ்லிம் அல்லாதார் நடத்தும் உணவகங்கள் பலவற்றுக்கும் ஆட்டிறைச்சி பாய் கடையிலிருந்தே போகின்றது. கோழி மட்டும் வேறு இடத்திலிருந்து வரக்கூடும். ஆகவே ஆட்டையும் கோழியையும் தனித்தனியே கேளுங்கள்.

இரண்டாவது, "எந்தச் சட்டியில், எந்த எண்ணெயில் பொரிக்கின்றீர்கள்?" மீன் உண்பதால் ஐயமில்லை என்று நாம் எண்ணிக் கொள்கின்றோம். நமக்கு ஐயமுள்ள கோழியைப் பொரித்த எண்ணெயிலேயே அந்த மீனையும் போட்டு எடுத்தால் என்ன செய்வது? தோசைக் கல்லில் தனியாக வறுத்துத் தரும்படி சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மூன்றாவது, "எப்போது சமைத்தது?" இது மார்க்கத்தோடு உடல்நலத்தையும் சேர்ந்த கேள்வி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி இறந்து போன செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது. பிரியாணியும் அப்படியே. தம் உடைக்கும் நேரத்தை விசாரித்து அப்போது உண்ணுங்கள். நண்பகலில் இறக்கிய அண்டாவிலிருந்து மாலையில் அள்ளித் தரும் சோற்றைச் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காவது, "விலை என்ன?" மாமல்லபுரத்துக் கடலோரக் கடைகள் சிலவற்றில் பச்சை மீனைத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். நாம் தலையசைத்ததும் அது அடுப்புக்குப் போய்விடும். எடையென்ன, அந்த எடைக்கு விலையென்ன, சமையற்கூலியும் அதில் அடங்குமா என்று மீன் அடுப்புக்குப் போகும் முன்பே கேட்டு விடுங்கள். சிங்கி இறாலைக் காட்டினால் இன்னும் கவனம் தேவை.

கேட்கும் முறையும் முக்கியம். குற்றம் சாட்டுவது போல் கேட்டால் எவருக்கும் மனம் சுருங்கும். "அண்ணா, நாங்கள் முஸ்லிம்கள், ஹலால் பார்த்து உண்பவர்கள். தவறாக எண்ணாமல் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் போதும்.

மீன் என்னும் எளிய விடை

கடலோரம் போகும் நமக்கு அல்லாஹ் மீனை எளிதாக்கித் தந்திருக்கின்றான். அதற்கு அறுப்பு என்னும் நிபந்தனை இல்லை. ஆனால் "கடல் உணவு" என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் கலந்து வாங்கி விடாதீர்கள். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகும். இறாலை மீனாகக் கொள்ளலாமா என்பதில் அம்மத்ஹபின் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இறாலும், கடம்பா எனப்படும் கணவாயும் ஆகும். நண்டு நீரிலும் நிலத்திலும் வாழ்வதால் அது கூடாது என்று அம்மத்ஹபின் நூல்களில் கூறப்பட்டுள்ளது. வடதமிழகத்தில் மாமியார் ஒரு மத்ஹபும் மருமகள் ஒரு மத்ஹபுமாக வாழும் இல்லங்கள் பல. அவரவர்க்குத் தனித்தட்டு வாங்கிவிட்டால் சச்சரவு இல்லை. ஐயம் இருப்பின் புறப்படும் முன் உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மீனிலும் காலம் பார்க்க வேண்டும். நம் கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதே காரணம். பள்ளி விடுமுறையும் அந்நாட்களில்தான் வருகின்றது! அப்போது பெரிய வஞ்சிரத் துண்டு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், விலை ஏறியதோ பல நாள் பனிக்கட்டியில் கிடந்ததோ கிடைக்கும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மணலில் ஏற்றி வைத்திருக்கும் சிறு ஃபைபர் படகுகள் கரையோரத்தில் பிடித்து வரும் சங்கரா, நெத்திலி போன்ற மீன்களைக் கேளுங்கள். மலிவாகவும் இருக்கும், புதிதாகவும் இருக்கும்.

கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், தொட்டால் சதை இறுகியும் இருப்பது நல்ல மீன். கானாங்கெளுத்தியும் சூரையும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் அவற்றில் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை. உண்டதும் முகம் சிவந்து உடல் தடித்தால், அது பெரும்பாலும் இதனால்தான். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

வழிநெடுக

இரயிலில் வருவோர் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மின்தொடர் வண்டியில் செங்கல்பட்டு சேரலாம். வண்டி நகருக்குள் நுழையும் முன் கொளவாய் ஏரி கண்ணுக்குக் குளிர்ச்சியாய்த் தெரியும். 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகராகிவிட்ட இவ்வூரில் பள்ளிவாசல்கள் உண்டு. முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடைகளும் உண்டு. புலால் உணவு வேண்டுமென்போர் இங்கேயே பிரியாணியை முடித்துக் கொள்வது நலம். எந்தக் கடை என்று தெரியாவிட்டால், தொழுது முடித்து வெளியே வருவோரிடம், "குடும்பத்தோடு எங்கே உண்ணலாம்?" என்று கேளுங்கள். தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கடையைத்தான் அவர்கள் காட்டுவார்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து உண்டு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலால் பெயர் பெற்ற ஊர். இறைச்சியைப் பற்றிய ஐயமே வேண்டாமென்போர் இத்தகைய ஊர்களின் சைவ உணவகங்களில் இட்லியும் பொங்கலும் உண்டு பசியாறலாம். சைவ உணவு நமக்கு அந்நியமானதன்று. ஐயமான பிரியாணியை விட ஐயமற்ற தயிர்ச் சோறு மேலானது.

மாமல்லபுரத்துச் சிற்பங்களை 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதனால் பல நாட்டாரும் வருகின்றனர். அவர்கள் விரும்பும் உணவகங்கள் ஒத்தவாடைத் தெருவிலும் அதையொட்டிய சந்துகளிலும் நிறைந்துள்ளன. உள்ளே மது பரிமாறப்படுகின்றதா என்பதை அமர்வதற்கு முன்பே கேட்டறியுங்கள். சனி, ஞாயிறுகளில் பகல் ஒரு மணிக்கு மேல் எங்கும் கூட்டம். பன்னிரண்டரை மணிக்கே உண்டுவிட்டால் பிள்ளைகளும் அழமாட்டார்கள். லுஹருக்கும் நேரம் கிடைக்கும். கோடையில் சாலையோரத்தில் நுங்கும் இளநீரும் தர்பூசணியும் கிடைக்கும். வெட்டி வைத்த பழத்தை வாங்காமல், கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்லுங்கள். உண்ட களைப்பில் பிள்ளைகளை அலையில் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள கடல் நீராடுவதற்கு ஏற்றதன்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோவளம். செங்கல்பட்டும் கோவளமும் பழைய கோட்டை ஊர்கள். 1752இல் இரண்டையும் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து கிளைவின் படை கைப்பற்றியது. இன்று நம் மக்கள் கோவளத்தை அறிந்திருப்பது தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவினால். நபித்தோழர் ஒருவரின் அடக்கத்தலம் என்று மக்கள் நம்பி வருகின்றனர். முஸ்லிம்கள் வாழும் ஊராதலால், உணவுக்கும் தொழுகைக்கும் விசாரிக்க இங்கே தயக்கம் வேண்டியதில்லை. மாமல்லபுரத்தைக் காலையில் பார்த்துவிட்டுப் பகலுணவுக்குக் கோவளம் வந்துவிடுவது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்குத் தனியிடம் இராது. முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்; பையில் ஒரு முஸல்லாவும் ஒளுவுக்கு ஒரு புட்டித் தண்ணீரும் இருக்கட்டும்.

அரசாங்க உரிமம் பெற்ற உணவகங்களில் 14 இலக்கங்கள் கொண்ட உணவுப் பாதுகாப்பு எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும். அது இருக்கின்றதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

மாமி கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு மீண்டும் மாமல்லபுரம் போனோம். இம்முறை முன்னால் நடந்தவர் மாமி. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சிறிய கடையின் வாசலில் நின்றார். கடைக்காரர் நெற்றியில் திருநீறு அணிந்திருந்தார். மாமி தயங்கவில்லை. "தம்பி, நாங்கள் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். உங்கள் கடையில் எங்களுக்கு எது ஒத்துவரும்?" என்று கேட்டார்.

அவர் சற்று யோசித்தார். "ஆட்டுக்கறி பாய் கடையில்தான் வாங்குகிறேன், அம்மா. கோழி இன்றைக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. அதை எனக்குத் தெரியாமல் ஹலால் என்று சொல்லக் கூடாது. மீன் காலையில் கரையிலேயே வாங்கியது. உங்களுக்கு வேறு கல்லில் வறுத்துத் தருகிறேன்" என்றார்.

விலையையும் கேட்டோம், சொன்னார். சங்கரா வறுவலும் புளிக்குழம்பும் சூடான சோறும் வந்தன. மாமி பிஸ்மி சொல்லிப் பிசைந்து உண்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கிக் கொண்டார்.

அக்கடைக்காரர் எல்லாமே ஹலால்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், ஆறு பேருக்குக் கோழி விற்றிருக்கலாம். அவர் விற்கவில்லை. நம் நம்பிக்கையை நாம் மறைத்துக் கொண்டால் பிறர் அதை எப்படி மதிப்பார்கள்? பணிவாய்ச் சொல்லிக் கேட்டால், அதைக் காத்துத் தர முன்வரும் நல்லோர் எல்லாச் சமூகத்திலும் இருக்கின்றனர்.

இந்த விடுமுறையில் நீங்கள் புறப்படும்போது, வீட்டிலுள்ள முதியவர் என்ன உண்பார் என்பதை முதலில் எண்ணுங்கள். பிறகு கடை வாசலில் நின்று, பிள்ளைகள் காதில் விழும்படியாகவே கேளுங்கள். நாளை அவர்கள் தனியே வெளியூரில் தங்கிப் படிக்கும்போது, யாரும் சொல்லாமலே தாமும் கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.