குற்ற எண் இருக்கிறதா?

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வருபவர்கள், "சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்துட்டாங்க" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீதுதான் சி.எஸ்.ஆர். அதில் ஒரு வரிசை எண் இருக்கும், முத்திரை இருக்கும். குற்ற எண் இருக்காது. அதாவது, வழக்கு இன்னும் பதிவாகவில்லை.

வழக்கைத் தொடங்கிவைப்பது முதல் தகவல் அறிக்கை, பேச்சுவழக்கில் எஃப்.ஐ.ஆர். கொடுக்கல் வாங்கல் தகராறில் ரசீது கொடுத்துவிட்டு இரு தரப்பையும் அழைத்துப் பேசுவது வழக்கம். பாலியல் வன்கொடுமைப் புகாரில் அந்த இடைவெளிக்கே சட்டத்தில் இடமில்லை. நீதிமன்ற ஆணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதற்கட்ட விசாரணைக்கு 14 நாள் தருகிறது. ஆனால் அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே. வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு.

"சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்பதும் காரணம் ஆகாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம். இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? சாட்சியத்தின் பெரும்பகுதி உடலிலும் உடையிலும் இருக்கிறது, அது நிற்காது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அங்கே நடப்பது நுணுக்கமான வேலை. ஈரமான துணியை நிழலில் உலர்த்தி, தாள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். வீட்டில் யாரோ நல்லெண்ணத்தில் அந்தச் சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டாலும் இழப்பு அதேதான்.

மருத்துவமனைக்குப் போக எஃப்.ஐ.ஆர். தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பரிசோதனைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். அவர் பரிசோதனையை மறுத்தாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. 'இரு விரல் சோதனை' எனப்படும் இழிவான பழக்கத்தைச் செய்பவர் ஒழுங்கு மீறியவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பதிவு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்களில் சிலர் 18 பெண்களை வன்புணர்வு செய்தனர். உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரணைக்கு வழி பிறந்ததே 1995-இல்தான். தீர்ப்பு வந்தது 2011-இல். அது மேல்முறையீட்டில் உறுதியானது 2023-இல். அந்தப் பெண்கள் 31 ஆண்டுகள் தளராமல் நின்றார்கள். அத்தனை உறுதியை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். இத்தகைய புகாரைப் பதியாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

விதிகள் போதுமான அளவு இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. அதிர்ச்சியில் நடுங்கும் ஒரு பெண், கையில் கிடைத்த தாள் எது என்று தெரியாமல் வீடு திரும்புவதுதான் தடுக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு சி.எஸ்.ஆர். ரசீதின் அடியிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சிடலாம்: 'இது எஃப்.ஐ.ஆர். அல்ல'.