தீபாவளி ஆர்டரை ஆன்லைனில் எடுக்கப் போகிறீர்களா? பெங்களூரு யுபிஐ நோட்டீஸ் விவகாரம் சிறு கடைகளுக்குச் சொல்லும் பாடம்

2025 ஜூலையில் பெங்களூருவின் பல கடைகளில் ஒரே மாதிரியான காட்சி. கியூஆர் கோடு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, "யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். காரணம், கர்நாடக வணிக வரித் துறை அனுப்பிய நோட்டீஸ்கள். 2021-22 முதல் யுபிஐ வழியாக வந்த பணத்தைக் கணக்கிட்டு, ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளிடம் துறை விளக்கம் கேட்டது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை வரை நோட்டீஸ் போனது.

ஜூலை 25 அன்று கடையடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்தார்கள். அதற்கு 2 நாள் முன்பு முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பால், காய்கறி போன்ற வரி விலக்குப் பொருட்களுக்கு வரி கேட்க மாட்டோம் என்று அரசு சொன்னதும் போராட்டம் கைவிடப்பட்டது.

பிரச்சினை அதோடு முடிந்ததா? பயம் இன்னும் போகவில்லை. ஒக்கலிபுரம், ஸ்ரீராம்புரம் போன்ற தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் அம்மாவின் முறுக்கு வியாபாரத்தையோ அக்காவின் துணிக்கடையையோ ஆன்லைனுக்குக் கொண்டுபோக நினைக்கும் ஐடி ஊழியர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "வெப்சைட் ஆரம்பிச்சா வரித் துறை வந்துருமா?"

ஜிஎஸ்டி பதிவு எப்போது கட்டாயம்?

பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. சேவை என்றால் வரம்பு 20 லட்சம். இது லாபம் அல்ல, மொத்த விற்பனை. யுபிஐ, கேஷ், கார்டு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. வரி விலக்குப் பொருளின் விற்பனையும் இதில் சேரும்.

40 லட்சம் பெரிய தொகையாகத் தெரியலாம். 365 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 11,000 ரூபாய்தான். தீபாவளி மாதத்தில் மட்டும் 10 லட்சத்துக்கு விற்றால் வரம்பில் கால் பங்கு போய்விட்டது. வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வெப்சைட்டில் ஒளிந்திருக்கும் கண்ணி

பலர் கவனிக்காத விஷயம் இது. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் 40 லட்சம் வரம்பு பொருந்தாது. முதல் ஆர்டரிலிருந்தே பதிவு தேவை. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, ஒக்கலிபுரத்திலிருந்து ஜெயநகருக்கு ஒரு சுடிதார் அனுப்பினால் பிரச்சினை இல்லை. அதே சுடிதாரை ஓசூருக்கு கூரியரில் அனுப்பினால் சட்டம் வேறு. பெங்களூரு தமிழர்களின் சொந்தபந்தம் பாதி தமிழ்நாட்டில் இருப்பதால் இது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருப்பவர்கள் காம்போசிஷன் திட்டத்தில் 1 சதவீதம் கட்டலாம். ஆனால் அதிலும் வெளிமாநில விற்பனைக்கு அனுமதி இல்லை.

அப்போ கேஷ் மட்டும் வாங்கினால் தப்பிக்கலாமா?

முடியாது. கேஷும் விற்றுமுதல்தான். தவிர, பொருளை நேரில் பார்க்காத வாடிக்கையாளர் முன்பணம் தர யுபிஐதான் எளிது. கேஷ் ஆன் டெலிவரியில் கதவு வரை போய்த் திரும்பும் பார்சலுக்கு போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி கியூஆர் வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. தம்பி திருப்பித் தந்த கடனும் சேலை விற்ற பணமும் ஒரே கணக்கில் விழுந்தால், நோட்டீஸ் வரும்போது பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

சீசனுக்கு முன் என்ன செய்யலாம்?

முதல் படி வெப்சைட் இல்லை. இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 500 பொருட்கள் வரை கேட்டலாக் போடலாம். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் ஆடி மாதத்திலிருந்தே பில் போடும்போது, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லத் தொடங்குங்கள். கூகுள் மேப்ஸில் கடையின் பெயர், நேரம், படம் சரியாக இருப்பதும் இலவச விளம்பரம்தான்.

வெப்சைட் இருந்தால், தீபாவளிக்கென ஒரே பக்கத்தை ஆண்டுதோறும் அதே முகவரியில் வையுங்கள். கூகுள் தேடல் தரும் பரிந்துரையும் இதுதான். டெலிவரி கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் காட்டாமல் முதலிலேயே சொல்லுங்கள். "இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தால் தீபாவளிக்கு முன் கிடைக்கும்" என்பதைப் பெரிதாகப் போடுங்கள்.

"இன்னும் 10 நிமிடம்தான்" என்று பொய்க் கடிகாரம் ஓடவிடாதீர்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் போலி அவசரமும் ஒன்று. சிறிய விற்பனையாளருக்கும் அது பொருந்தும்.

விளம்பரத்துக்கு எவ்வளவு?

பெரிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டும் வாரங்களில் இன்ஸ்டாகிராம் விளம்பர ஏலம் சூடாக இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். 1,500 ரூபாய் சுடிதாரில் லாபம் 300. விளம்பரத்துக்கு 5,000 செலவழித்து 20 ஆர்டர் வந்தால், ஒரு ஆர்டருக்கு 250 போய்விட்டது. மிஞ்சுவது 50. இரண்டு மூன்று பார்சல் திரும்பி வந்தால் நஷ்டத்தை எட்டிவிடும். பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் படத்துக்கு இந்தச் செலவு இல்லை.

பதிவு செய்தால் நஷ்டமா?

எல்லோருக்கும் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கும், முறுக்கு, மிக்சர் போன்ற பாக்கெட் நொறுக்குத் தீனிகளுக்கும் வரி 5 சதவீதம். வழக்கமான பதிவில் இருந்தால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், வெளிமாநிலத்துக்கும் விற்கலாம். பதிலுக்கு, குறித்த தேதியில் ரிட்டர்ன் போட வேண்டும், ஆடிட்டருக்குச் செலவு உண்டு.

கர்நாடகத்துக்குள் மட்டும் வாடிக்கையாளர்கள், விற்றுமுதலும் வரம்புக்குள் என்றால் பதிவில்லாமலே இந்த சீசனை நடத்தலாம். சென்னை, கோவையிலிருந்து ஆர்டர் வரும் என்று தெரிந்தால், வெப்சைட் டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஜிஎஸ்டி பதிவை முடித்துவிடுங்கள்.