"யாரு பாக்கது?" என்ற கேள்விக்கு எங்கள் பதில்
மாற்றுத்திறனாளிகளின் நட்பு, காதல், திருமணம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

உடல் மாற்றுத்திறனாளிகள் இருவர் ஒருவரையொருவர் விரும்பினால், குமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி: "ஒருத்தருக்கே வய்யாது. ரெண்டு வய்யாத்ததும் சேந்தா யாரு பாக்கது?" இதற்கு எங்கள் சங்கம் வெளிப்படையாகப் பதில் சொல்கிறது.

எங்கள் நிலைப்பாடு

யாரோடு பழகுவது, யாரைக் காதலிப்பது, மணம் வேண்டுமா வேண்டாமா என்பதை வயதுவந்த ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டும். திருமணத்தில் முடியாத நட்புக்கும் அதே மரியாதை உண்டு. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் இதில் அடக்கம்.

காரணங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, மணம்புரிந்து குடும்பம் நடத்தும் உரிமையை உறுதி செய்கிறது. துணையைத் தேர்ந்தெடுப்பது அடிப்படை உரிமை என்று தந்தை எதிர்த்த திருமணம் குறித்த ஹாதியா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாற்றுத்திறனாளியை மாற்றுத்திறனாளி மணந்தால் தமிழ்நாடு அரசு உதவித்தொகையும் தங்கமும் தருகிறது. அரசு வாழ்த்தும் திருமணத்தை வீடு தடுப்பது முறையல்ல.

பெற்றோரின் கவலை உண்மையானது, மதிக்கிறோம். ஆனால் இருவரைப் பிரிப்பது அதற்கு மருந்தாகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தனி உதவியாளர் உள்ளிட்ட ஆதரவு கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. "யாரு பாக்கது?" என்று கேட்க வேண்டிய இடம் அரசு அலுவலகம்.

பழக வேண்டுமானால் முதலில் வெளியே வர வேண்டும். பேருந்தில் ஏறவோ கடற்கரையில் இறங்கவோ முடியாதவருக்கு அறிமுகமே வாய்ப்பதில்லை. 2023 அக்டோபரில், மின்தூக்கி இல்லாத மும்பைப் பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு, சக்கர நாற்காலி பயன்படுத்தும் விராலி மோடியை அவருடைய திருமணத்துக்காகத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. பொதுக் கட்டடங்களைச் சீராக்க அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது.

கோரிக்கைகள்

1. மாவட்டத்தின் எல்லாப் பதிவு அலுவலகங்களிலும் சாய்தளம் வேண்டும். மாடியில் இருந்தால் அலுவலர் கீழே வந்து பதிய வேண்டும்.
2. தாழ்தளப் பேருந்துகளும், கன்னியாகுமரி, முட்டம் கடற்கரைகளில் நிரந்தர மரப்பாதையும் வேண்டும்.
3. தம்பதியருக்குத் தனி உதவியாளர் ஏற்பாடு வேண்டும்.
4. பராமரிப்பு இல்லங்களில் வாழும் வயதுவந்தோர் நண்பர்களைத் தனிமையில் சந்திக்கத் தடை கூடாது.

எங்கள் பொறுப்பு

இருதரப்புப் பெற்றோரிடமும் பேச நாங்கள் வருவோம். சிறப்புத் திருமணச் சட்டப்படி மூன்று சாட்சிகள் தேவை. ஆளில்லாத இணையருக்கு எங்கள் உறுப்பினர்களே வந்து கையெழுத்திடுவார்கள்.